எச்.ஐ.வி. தடுப்பும் அறமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது, எதைக் கொண்டு தடுக்கலாம் என்பதில் மருத்துவர்களுக்குள் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தகராறெல்லாம் வேறிடத்தில். யாரைக் கேட்டுச் சோதிப்பது, முடிவை யாரிடம் சொல்வது, மருந்து யாருக்கு முதலில், புது மருந்தை யார் உடம்பில் சோதித்துப் பார்ப்பது? ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் கணக்குப்படி 2024-இல் உலகில் சுமார் 4 கோடியே 8 லட்சம் பேர் இந்த வைரஸுடன் வாழ்ந்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது. கீழே இருப்பவை ஆலோசகர்களும் மருத்துவர்களும் குடும்பத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்.

எல்லோருக்கும் கட்டாயப் பரிசோதனை வைத்துவிட்டால் பரவல் நின்றுவிடாதா?

செய்து பார்த்தாயிற்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 1988-இல் திருமண உரிமம் கேட்பவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. முதல் ஆறு மாதத்தில் 70,846 பேரைச் சோதித்ததில் தொற்று இருந்தது 8 பேருக்கு. ஒருவரைக் கண்டுபிடிக்க ஆன செலவு சுமார் 3,12,000 டாலர். உரிமங்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பலர் பக்கத்து மாநிலத்துக்குப் போய்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்தார்கள். மறு ஆண்டே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

கணக்கும் இடிக்கிறது. ஒரு விரைவுச் சோதனை, தொற்று உள்ளவரையும் இல்லாதவரையும் 99.5 சதவீதம் சரியாகப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 2 பேருக்குத் தொற்று உள்ள ஊரில் 1,00,000 பேரைச் சோதித்தால், உண்மையில் தொற்று உள்ள 200 பேரில் 199 பேரைப் பிடித்துவிடும். கூடவே, தொற்றே இல்லாத 99,800 பேரில் 499 பேருக்கும் 'பாசிட்டிவ்' காட்டும். ஆக, பாசிட்டிவ் வந்த 698 பேரில் பத்துக்கு ஏழு பேர் தொற்று இல்லாதவர்கள். இதனால்தான் உலக சுகாதார அமைப்பு, வெவ்வேறு தயாரிப்பைச் சேர்ந்த மூன்று சோதனைகள் அடுத்தடுத்துப் பாசிட்டிவ் காட்டிய பிறகே முடிவைச் சொல்லச் சொல்கிறது. ஒரே சோதனையோடு ஆளை வீட்டுக்கு அனுப்பும் முகாம், தொற்றை விடக் குடும்பச் சண்டையைத்தான் அதிகம் பரப்பும்.

மறுபக்கம், போன வாரம் தொற்றியவருக்கு நெகட்டிவ் வரும். இந்தச் சாளரக் காலம், ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாள் வரை. விரல் நுனி ரத்தத்தில் செய்யும் சோதனைக்கு 90 நாள் வரை. அந்த ஆரம்ப வாரங்களில்தான் உடம்பில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், பரவும் வாய்ப்பும் மிக அதிகம். கட்டாயச் சான்றிதழ் அவரைப் பார்த்துத்தான் 'ஒன்றும் இல்லை' என்று முத்திரை குத்துகிறது.

கட்டாயம் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: தானமாகப் பெறும் ரத்தம், உறுப்பு, விந்து. அங்கே சோதிப்பது பொருளை. அதை ஏற்றிக்கொள்பவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வேறு வழி கிடையாது.

ஒப்புதல் வாங்கிவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்?

படிவத்தில் கையெழுத்து இருக்கும், ஒப்புதல் இருக்காது. இது அடிக்கடி நடப்பது. 'வேண்டாம்' என்றால் என்ன ஆகும் என்று தெரியாதவர் சொல்லும் 'சரி' ஒப்புதல் ஆகாது. பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது, கேட்டதாகவே ஆகாது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006 முதல், மறுத்தால் ஒழிய எல்லோரையும் சோதிக்கலாம் என்ற முறையைப் பரிந்துரைத்தது. போட்ஸ்வானா அதற்கும் முன்பே, 2004-இல், வழக்கமான பரிசோதனைகளோடு இதையும் சேர்த்துவிட்டது. இந்த முறையில் அதிகம் பேர் தங்கள் நிலையை அறிகிறார்கள், அது நல்லதே. ஆனால் மறுக்கும் உரிமையை வாய்திறந்து சொன்னால்தான் இது அறத்தோடு நிற்கும். தனியாக, ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம்: இன்று எடுக்கும் ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பார்க்கிறோம், பாசிட்டிவ் வந்தால் இங்கேயே மருந்து உண்டு, முடிவு உங்களுக்கு மட்டும், வேண்டாம் என்றாலும் மற்ற சிகிச்சை எதுவும் நிற்காது. நான்காவது வாக்கியத்தைத்தான் அவசரத்தில் விழுங்கிவிடுகிறார்கள்.

ரகசியம் எங்கிருந்து கசிகிறது?

பெரிய கசிவுகள் செய்தியில் வரும். சிங்கப்பூரில் 14,200 பேரின் எச்.ஐ.வி. விவரங்கள் இணையத்தில் வெளியானதை அந்நாட்டு அரசு 2019 ஜனவரியில் அறிவித்தது. ஆனால் பெரும்பாலோரின் வாழ்க்கையைக் கெடுப்பது சின்னக் கசிவு. கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் ஒரு சுழி. மற்ற நோயாளிகளுக்கு வெள்ளைச் சீட்டு, இவருக்கு மட்டும் மஞ்சள். செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கும் ஒரு கதவு. அன்று அந்த வரிசையில் நிற்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நடைகூடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க வைரல் லோடு ரிப்போர்ட் வந்தாச்சு!"

முப்பது மாத்திரை உள்ள புட்டி பையில் குலுங்குவதே ஒரு கசிவுதான். சத்தத்துக்குப் பயந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துவைத்தால் ஈரம் பட்டு வீணாகும். புட்டிக்குள் சுத்தமான பஞ்சைத் திணித்தால் சத்தம் நிற்கும். தொலைபேசியில் அழைப்பதென்றால் எந்த எண்ணில், எந்த நேரத்தில், யார் என்று சொல்லி அழைக்கலாம் என்பதை முதல் நாளே கேட்டு எழுதிவைக்க வேண்டும். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதையும்தான்.

கணவருக்குத் தொற்று. மனைவியிடம் சொல்ல மறுக்கிறார். மருத்துவர் சொல்லலாமா?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது. ரகசியத்தைக் காத்தால் ஒருவர் ஆபத்தில், உடைத்தால் அடுத்து வரவேண்டிய நூறு பேர் வராமல் போகும் ஆபத்து.

எச்.ஐ.வி.யும் மனித உரிமைகளும் பற்றி ஐ.நா. வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கதவை முழுக்க மூடவில்லை. அவருக்கு முறையாக ஆலோசனை தந்திருக்க வேண்டும். அதனால் பலன் இல்லாமல் போயிருக்க வேண்டும். துணையிடம் தெரிவிக்க அவர் ஒப்புதல் மறுத்திருக்க வேண்டும். துணைக்குத் தொற்றும் ஆபத்து நிஜமாக இருக்க வேண்டும். சொல்லப்போகிறோம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முடிந்தால் அவர் பெயரை மறைக்க வேண்டும். சொன்ன பிறகு இருவருக்கும் தொடர்ந்து ஆதரவு தர வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் மருத்துவர் தானாகத் தெரிவிக்கலாம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் அதைப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

நடைமுறையில் அந்த எல்லைக்குப் போகாமலே பெரும்பாலானவை முடிகின்றன. அவரே சொல்லலாம், ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு சொல்லலாம், 'இன்ன தேதிக்குள் நான் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்' என்று கெடு வைக்கலாம், பெயர் சொல்லாமல் தகவல் அனுப்பச் சம்மதிக்கலாம். கெடு வைக்கும் வழி நன்றாக வேலை செய்கிறது. அவருக்குத் தேவைப்படுவது பல நேரம் அவகாசம்தான்.

இரண்டு இடத்தில் கோளாறு வரும். 'பெயர் சொல்லாமல்' என்பது ஒரே துணை உள்ள பெண்ணிடம் வெறும் பேச்சு. யாரென்று அவளுக்கு உடனே தெரியும். அடுத்தது வன்முறை. பாசிட்டிவ் ஆனவர் பெண்ணாக இருந்தால், எதற்கும் முன் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்: அவர் உங்களை அடித்ததுண்டா? மிரட்டியதுண்டா? விருப்பமில்லாத உறவுக்கு வற்புறுத்தியதுண்டா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் தெரிவிக்கும் வேலையை நிறுத்திவிட்டு அவர் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். களப் பணியாளருக்கு 'மாதம் இத்தனை துணைகளின் பெயர்' என்று இலக்கு வைத்தால் இந்த மூன்று கேள்விகள்தான் முதலில் காணாமல் போகும்.

வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருப்பவரும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

மருந்தால் வைரஸ் சோதனையிலும் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டவர் விஷயத்தில், மருத்துவக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள ஜோடிகளிடம் நடத்திய எச்.பி.டி.என். 052 ஆய்வு 2011-இல், சிகிச்சையை உடனே தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அத்தகைய ஜோடிகளிடமே பிறகு நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், வைரஸ் அடங்கியிருந்தவரிடமிருந்து ஆணுறை இல்லாத உறவில் துணைக்குத் தொற்றியது ஒன்றுகூட இல்லை. முந்தைய கேள்வியில் சொன்ன 'நிஜமான ஆபத்து' என்ற நிபந்தனையும் இங்கே விழுந்துவிடுகிறது. ஆகவே மருத்துவர் தலையிட இடமில்லை. துணையிடம் சொல்வது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வரம்புகளும் உண்டு. இது உடலுறவுக்கு மட்டும் பொருந்தும். ஊசியைப் பகிர்வதற்குப் பொருந்தாது, தாய்ப்பாலில் ஆபத்து மிகக் குறைவு என்றாலும் பூஜ்ஜியம் அல்ல. மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதத்தை இதில் சேர்க்கக் கூடாது. வைரஸ் அளவைச் சோதிக்கும் கருவியே இல்லாத ஊரில், 'நீங்கள் கண்டறிய முடியாத நிலைக்கு வாருங்கள்' என்று பிரசாரம் செய்வதில் ஓர் அநியாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'எய்ட்ஸ் நோயாளி' என்று சொல்வதில் என்ன தவறு?

பெரும்பாலும் அது உண்மையே அல்ல. எய்ட்ஸ் என்பது எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அழித்துவிட்ட முற்றிய நிலை. மருந்து எடுப்பவர் எய்ட்ஸ் நிலைக்குப் போகாமலே முழு ஆயுள் வாழலாம். 'எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்' போதும். எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள் என்று தொற்று உள்ளவர்கள் டென்வரில் கூடி அறிவித்தது 1983-லேயே.

தெரிந்தே பரப்புகிறவரைச் சிறையில் போட வேண்டாமா?

கெடுதல் செய்யும் எண்ணத்தோடு உண்மையிலேயே பரப்பியவருக்கு மட்டும் குற்றவியல் சட்டம் போதும் என்பதே ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் நிலை. அதைத் தாண்டி, சொல்லாமல் இருந்ததையே குற்றமாக்கினால் என்ன நடக்கும்? பரிசோதனை செய்துகொள்ளாதவருக்குத் 'தெரியாது', ஆகவே தண்டனை இல்லை. சோதித்து மருந்து எடுப்பவர்தான் குற்றவாளி ஆகிறார். கர்ப்ப காலப் பரிசோதனையில் பெண்ணுக்கே முதலில் தெரியவருவதால், 'நீதான் கொண்டுவந்தாய்' என்ற பழியும் முதலில் அவள் தலையில் விழும்.

அறிவியல் சாட்சியத்திலும் ஓட்டை இருக்கிறது. இருவரின் வைரஸ் மரபணு ஒத்துப்போனால், இருவரும் ஒரே தொற்றுச் சங்கிலியில் இருக்கிறார்கள் என்று தெரியும். யார் யாருக்குத் தந்தார், இருவருக்கும் மூன்றாமவர் தந்தாரா என்பதை அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. 'இவர் தரவில்லை' என்று நிறுவ மட்டும் அது நன்றாக உதவும். லிபியாவின் பெங்காசி மருத்துவமனையில் 400-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்றியதற்காக ஐந்து பல்கேரிய செவிலியர்களுக்கும் ஒரு பாலஸ்தீன மருத்துவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். அவர்கள் வேலைக்கு வரும் முன்பே அந்த வைரஸ் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது என்று மரபணு ஆய்வு 2006-இல் காட்டியது. எட்டு ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்து 2007 ஜூலையில்தான் வெளியே வந்தார்கள்.

தொற்று உள்ளவர்களைத் தனிமைப்படுத்திய நாடு வெற்றி பெறவில்லையா?

கியூபாவைச் சொல்கிறீர்கள். 1986 முதல் 1990-களின் தொடக்கம் வரை அங்கே தொற்று உள்ளவர்களைக் காப்பகங்களில் வைத்தார்கள். தொற்று விகிதம் மிகக் குறைவாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது ரத்தப் பொருள் இறக்குமதியை நிறுத்திய, எல்லையை இறுக்கமாக வைத்திருந்த சிறு தீவு. ஒவ்வொரு தொடர்பையும் வீடு வீடாகத் தேடிய நாடு. இவற்றில் எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரிக்க முடியாது. மூச்சிலோ தொடுதலிலோ பரவாத வைரஸுக்கு வாழ்நாள் அடைப்பு என்பது செய்யாத குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. கியூபாவே அதைக் கைவிட்டது.

எல்லையில் தடுப்பது இதன் தம்பி. தொற்று உள்ளவர் நுழைய அமெரிக்கா 1987-இல் போட்ட தடை 2010 ஜனவரியில்தான் நீங்கியது. நடுவில், 1992-இல் பாஸ்டனில் நடக்கவிருந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு இடம் மாறியது. வைரஸ் வழக்கம்போல் விசா இல்லாமல் பயணம் செய்தது.

போதை எடுப்பவருக்குப் புது ஊசி கொடுப்பது போதையை வளர்ப்பதாகாதா?

ஊசி கொடுத்ததால் போதைப் பழக்கம் பெருகியதாக ஆய்வுகள் காட்டவில்லை. கொடுக்காததால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஸ்காட் கவுண்டியில் பார்க்கலாம். ஆண்டுக்கு ஐந்துக்கும் குறைவாகத் தொற்று பதிவாகி வந்த இடம். 2014 இறுதி முதல் ஓராண்டுக்குள் 181 பேருக்குத் தொற்று உறுதியானது. வலி மாத்திரையைக் கரைத்து ஒரே ஊசியில் பலர் ஏற்றியதே காரணம். 2015 மார்ச்சில் அவசரநிலை அறிவித்த பிறகுதான் ஊசி வழங்க அனுமதி கிடைத்தது.

திட்டங்கள் கெடுவது விவரத்தில். 'பழைய ஊசி ஒன்றைக் கொடு, புதிது ஒன்றை வாங்கு' என்று கறாராக இருந்தால், பழைய ஊசியோடு தெருவில் நடக்கப் பயப்படுபவர் வரவே மாட்டார். நாளைக்கு ஐந்து முறை ஏற்றுபவருக்கு ஐந்து ஊசி வேண்டும், வாரத்துக்கு 35. ஊசி மட்டும் தந்தால் போதாது. மருந்தைக் கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தாலும் தொற்றும். வாசலில் காவலர் நின்றால் எல்லாம் வீண். கூடவே மெத்தடோன் போன்ற மாற்று மருந்து கிடைத்தால் ஊசிப் பழக்கத்திலிருந்தே பலர் விலகுகிறார்கள்.

நோயாளிக்கே மருந்து போதாதபோது ஆரோக்கியமானவருக்குத் தடுப்பு மாத்திரை ஏன்?

மருந்தும் பணமும் குறைவாக இருக்கும் இடத்தில், உயிருக்கு ஆபத்தில் இருப்பவருக்குத்தான் முதல் பங்கு. அதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கேள்வியில் கொஞ்சம் பொய் கலந்திருக்கிறது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் பங்கு வைப்பதுபோல் நிலைமை எப்போதும் இருப்பதில்லை. தடுக்காத ஒவ்வொரு தொற்றும் வாழ்நாள் முழுக்க மருந்து கேட்கும்.

ஆணுறை போதாதா என்றால், அதை அணிவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் பல நேரம் இன்னொருவர். அவரைக் கேட்காமல் ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ள மாத்திரையோ ஊசியோ உதவும். இதில் புதியது லெனகாபவிர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. 2024-இல் வெளியான ஆய்வில், அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. பிறகு மலிவு விலையில் தயாரித்து 120 நாடுகளில் விற்க உரிமம் தந்தபோது, இதே மருந்தின் இன்னோர் ஆய்வுக்கு ஆட்களைத் தந்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆய்வில் பங்கேற்றவருக்கு அது முடிந்த பிறகும் மருந்து கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்கிறது, மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறிகளைச் சொல்லும் ஹெல்சின்கி பிரகடனம். அவர் தெருவில் வசிக்கும் மற்றவர்களைப் பற்றி அது அவ்வளவு கறாராகப் பேசுவதில்லை. சண்டை அங்கேதான்.

நல்ல மருந்து இருக்கும்போது வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு ஆய்வு செய்யலாமா?

1990-களில் மருத்துவ அறத்தை இரண்டாகப் பிளந்த கேள்வி. 1994-இல் ஏ.சி.டி.ஜி. 076 ஆய்வு, ஜிடோவுடின் மருந்து தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் அந்த முறை நீளமானது. கர்ப்பத்தின் 14 முதல் 34-ஆம் வாரத்துக்குள் தொடங்கி நாளுக்கு ஐந்து வேளை மாத்திரை, பிரசவத்தின்போது நரம்பு வழியாக மருந்து, குழந்தைக்கு ஆறு வாரம். ஏழை நாடுகளால் முடியாது. எனவே தாய்லாந்திலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் குறுகிய முறையைச் சோதித்தார்கள், ஒரு பகுதித் தாய்மாருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்து.

1997-இல் எதிர்ப்பு வெடித்தது. பணக்கார நாட்டில் செய்யத் துணியாததை ஏழை நாட்டில் செய்வதா என்றார்கள். அங்கே வழக்கமே 'மருந்து இல்லை' என்பதுதான், அதோடு ஒப்பிட்டால்தான் அந்நாட்டுக்குப் பயன்படும் விடை வேகமாக வரும் என்றது ஆய்வை ஆதரித்த தரப்பு. விடை வந்தது: தாய்லாந்தில் 36-ஆம் வாரம் முதல் கொடுத்த குறுகிய முறையில் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 9.4 ஆகப் பாதியாகியது. பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன.

ஆனால் அதே தாய்லாந்தில் இன்னோர் ஆய்வு, வெற்று மாத்திரையே இல்லாமல், 1,437 பெண்களிடம் நீண்ட முறையையும் குறுகிய முறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டது. மிகக் குறுகிய முறையில் 10.5 சதவீதம், நீண்டதில் 4.1 சதவீதம் என்று இடைக்காலக் கணக்கில் தெரிந்ததும் அந்தக் குறுகிய பிரிவை நிறுத்தினார்கள். வேறு வழியே இல்லை என்ற வாதத்துக்கு இது போதுமான பதில் என்பது எங்கள் கருத்து. நெறிக் குழுவில் உட்காருபவர் கேட்க வேண்டியது இதுதான்: 'ஒன்றுமில்லாததை விட மேலா' என்பது விடை வேண்டிய கேள்வியா, 'சிறந்ததை விட எவ்வளவு குறைவு' என்பதா?

தடுப்பூசி ஆய்வில் சேர்ந்தால் பரிசோதனையில் பாசிட்டிவ் வருமாமே?

வரலாம். தடுப்பூசி தூண்டிய எதிர்ப்புப் புரதங்களைச் சாதாரணச் சோதனை தொற்று என்று எடுத்துக்கொள்ளும். இது பல ஆண்டு நீடிக்கலாம். வேலை, காப்பீடு, விசா, ரத்ததானம் எல்லாவற்றிலும் இடிக்கும். கையெழுத்துக்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும். வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனையை ஆய்வு முடிந்த பிறகும் இலவசமாகச் செய்து தர வேண்டும். பங்கேற்றதற்கான அட்டையும், விளக்கம் தரும் தொலைபேசி எண்ணும் கையில் இருக்க வேண்டும். 2007-இல் ஸ்டெப் என்ற எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு நிறுத்தப்பட்டபோது, தடுப்பூசி போட்டவர்களில் ஒரு பிரிவினருக்குத் தொற்று அபாயம் கூடியிருக்கலாம் என்று தெரிந்து, யார் எதைப் பெற்றார்கள் என்பதை எல்லோருக்கும் சொன்னார்கள். சங்கடமான வேலை. செய்தே ஆக வேண்டியது.

தொற்று உள்ள தாய் பால் கொடுக்கலாமா, கூடாதா?

கூடாது என்ற ஒற்றை வரிக்குக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள். போட்ஸ்வானாவில் அரசு இலவசமாகப் பால்மாவு தந்துவந்தது. 2006 தொடக்கத்தில் கனமழைக்குப் பின் வயிற்றுப்போக்கு பரவியபோது மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பால்மாவில் வளர்ந்தவர்கள். இன்றைய உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை: தாய் மருந்தைத் தவறாமல் எடுக்க வேண்டும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு தொடரலாம். தாய்க்கு வைரஸ் அடங்கியிருந்தால் தொற்றும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. சுத்தமான தண்ணீரும் பால்மாவும் தடையின்றிக் கிடைக்கும் தாய்க்கு இரண்டு வழியும் உண்டு. தேர்வு அவருடையது.

தாயை வெறும் பாத்திரமாகப் பார்த்தது வேறிடத்திலும் நடந்தது. பிரசவத்தின்போது ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை (200 மில்லிகிராம்) கொடுத்துக் குழந்தையைக் காத்தார்கள். பல தாய்மாரின் உடம்பில் அந்த மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகி, பின்னால் அவர்களின் சொந்தச் சிகிச்சைக்கே குறுக்கே நின்றது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வாழ்நாள் மருந்து என்ற திட்டத்தை மலாவி 2011-இல் தொடங்கியது, நல்ல மாற்றம். ஆனால் கர்ப்பத்தின்போது தொடங்கியவர்கள், தங்கள் உடல்நிலைக்காகத் தொடங்கியவர்களை விட ஐந்து மடங்கு அதிகமாக, முதல் நாளுக்குப் பின் திரும்பி வரவே இல்லை. காலையில் செய்தி, மதியம் மருந்து என்றால் மனம் எப்போது ஏற்கும்?

தொற்றோடு பிறந்த குழந்தையிடம் எப்போது சொல்வது?

ஒரே நாளில் அல்ல, 6 வயது முதல் 12 வயதுக்குள் படிப்படியாக. முதலில் 'உன் உடம்பில் ஒரு கிருமி தூங்குகிறது, மருந்து அதை எழ விடாது' என்றால் போதும். பத்து வயதையொட்டி நோயின் பெயரைச் சொல்லலாம். பெற்றோர் தள்ளிப்போடுவது, பிள்ளையின் ரகசியத்துக்குள் தங்கள் ரகசியமும் இருப்பதால். ஆனால் பதினான்கு வயதில் மருந்து அட்டையைத் தானே படித்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளை, மருந்தையும் பெற்றோரையும் ஒன்றாக வெறுக்கும்.

மரபணுவைத் திருத்தியே குழந்தைக்குத் தடுப்பு ஏற்படுத்தலாமா?

2018 நவம்பரில் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்துக்கான சி.சி.ஆர்.5 மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். தந்தைக்கு மட்டும் தொற்று இருந்தது. விந்தணுக்களைக் கழுவிப் பிரிக்கும் பழைய முறையே குழந்தைக்குத் தொற்றாமல் காக்கப் போதும். தீர்ந்துபோன பிரச்சினைக்காக, தலைமுறைக்கும் தொடரக்கூடிய மாற்றத்தைப் பிறக்காத குழந்தைமேல் போட்டார். 2019 இறுதியில் மூன்றாண்டுச் சிறை.

பணம் தரும் நாடு நிபந்தனை போடலாமா?

கணக்குக் கேட்கலாம். ஒழுக்கப் பாடம் எடுக்கும்போது சிக்கல். வெளிநாடுகளில் எச்.ஐ.வி. தடுப்புக்கும் சிகிச்சைக்கும் பணம் தரும் அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம் 2003-இல் தொடங்கியபோது, பணம் பெறும் அமைப்புகள் பாலியல் தொழிலை எதிர்ப்பதாக எழுதித்தர வேண்டும் என்றது. பாலியல் தொழிலாளர்களோடு சேர்ந்தே தடுப்பு வேலை செய்துவந்த பிரேசில், 2005-இல் 4 கோடி டாலரை வேண்டாம் என்றது. அமெரிக்க அமைப்புகளைப் பொறுத்தவரை அந்த நிபந்தனை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதே பெப்ஃபார் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிபந்தனையை விட மோசமானது திடீர் நிறுத்தம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. சில நாள் கழித்து விலக்கு தந்தபோது, தடுப்பு மாத்திரை கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் மட்டும் என்று வரம்பு வைத்தது. ஆபத்து அதிகமுள்ள மற்றவர்கள் பாதி மாத்திரையோடு நின்றார்கள். உதவி தருவது விருப்பம். ஒருவரை வாழ்நாள் மருந்தில் சேர்த்த பிறகு கைவிடுவது அதே கணக்கில் வராது. ஆகவே வெளிப் பணத்தில் ஓடும் எந்தத் திட்டத்திலும் ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டியவை: பணம் நிற்குமென்றால் எத்தனை மாத முன்னறிவிப்பு? இடைக்காலத்துக்கு எத்தனை மாத மருந்து கையிருப்பு? நோயாளிகளின் பதிவேடு யாரிடம் போகும்? நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று அல்லது ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் வழக்கம் இருந்தால், அலுவலகம் மூடிய மறுநாளும் அவர்கள் வீட்டு அலமாரியில் மாத்திரை இருக்கும்.